முந்நூற்றுப் பன்னிரண்டு மீன்களும் ஒரு தொட்டிலும்

1974 ஆகஸ்ட் 17, சனிக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். மழை இல்லை. அதற்கு முந்தைய முப்பத்தெட்டு நாட்களும் இல்லை. ஹல்துமுல்லைப் பக்கத்து ஆகஸ்ட் காற்று, ஆளைத் தள்ளிக்கொண்டு போகிற காற்று, கூரைத் தகரத்தைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. என் வீட்டுக் கொல்லைப்புறத்துச் சீமெந்துத் தொட்டியில் முந்நூற்றுப் பன்னிரண்டு மீன்கள் வயிற்றை வானத்துக்குக் காட்டிக்கொண்டு மிதந்தன.

முந்நூற்றுப் பன்னிரண்டு என்று எப்படித் தெரியும்? எண்ணினேன். நான் முதலில் செய்த காரியமே அதுதான். (மனுசனாகப் பிறந்தவன் முதலில் "ஐயோ" என்பான் என்று என் மனைவி சரஸ்வதி இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள். நானும்தான் "ஐயோ" என்றேன். எண்ணி முடித்த பிறகு என்றேன். அவ்வளவுதான் வித்தியாசம்.)

அப்போது எனக்கு வயது முப்பத்தாறு. இலங்கை மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை எண்ணிப் பேர் போடுவேன், மாலையில் கொழுந்து நிறுத்து எழுதுவேன். இடையில் எண்ண ஒன்றும் கிடைக்காவிட்டால் படிகளை எண்ணுவேன். வீட்டிலிருந்து ஆபீசுக்கு இருநூற்றுப் பதினேழு படி. திரும்பி வரும்போது இருநூற்றுப் பதினெட்டு. அந்த ஒரு படி எங்கே கூடுகிறது என்று நான்கு வருடம் தேடியவன் நான். இப்படிப்பட்ட ஒருவனிடம் மீனைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யாராவது யோசித்திருக்க வேண்டும்.

மீன் வளர்த்தது ஆசையால் அல்ல. என் தம்பி சின்னராசுவுக்காக.

சின்னராசு என்னைவிட இரண்டு வயது இளையவன். அப்பா செத்தபோது எனக்குப் பதினாலு, அவனுக்குப் பன்னிரண்டு. ஒருவர் வேலைக்குப் போனால்தான் ஒருவர் படிக்கலாம் என்ற நிலை. மூத்தவன் போவதுதான் முறை. ஆனால் "அண்ணனுக்குக் கணக்கு வரும், எனக்கு வராது" என்று சொல்லிவிட்டு அவன் தோட்ட வேலைக்கு, சிறுவர்களுக்கான அரைச் சம்பளத்துக்கு, பெயர் கொடுத்தான். நான் பண்டாரவளைக்குப் போய் எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணினேன். அவன் தெரிந்த கொஞ்ச எழுத்தையும் மறந்து நாற்றுமேடையில் மண் நிரப்பிக்கொண்டிருந்தான். அதன் பிறகு அவன் வாழ்க்கையில் எழுத வேண்டியது எல்லாவற்றையும் நான்தான் எழுதினேன். எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும், இந்தியாவா இலங்கையா என்ற விண்ணப்பம் வந்தபோதும் நான்தான் எழுதினேன். இரண்டு பக்கமும் கோடு போட்டு, லாபம் நட்டம் பார்த்து, எனக்கு இலங்கை என்றும் அவனுக்கு இந்தியா என்றும் முடிவு செய்தேன். அங்கே நிலம் கொடுப்பார்கள், வீடு கட்டக் கடன் கொடுப்பார்கள், மூன்று பிள்ளைகளும் படிக்கும் என்பது என் கணக்கு. அவன் எதையும் கேட்கவில்லை. காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்துவிட்டு, விரல் மையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனான்.

ஐந்து வருடம் கழித்து, அந்த ஆண்டு ஜனவரியில், பாஸ்போர்ட் வந்தது. ஆகஸ்ட் மாதம் புறப்பட வேண்டும். அது பஞ்ச காலம். அரிசி கிடையாது, கோதுமை மா கிடையாது, சீனி கிடையாது, சவுக்காரம்கூடக் கிடையாது. கடை ரொட்டிக்கு, எங்கள் பாணுக்கு, விடியுமுன்னே வரிசை. தொழிலாளர் குடியிருந்த லயங்களில் வயதானவர்கள் சுருண்டு படுத்துப் பிறகு எழுந்திருக்காமல் போனார்கள். அதை வேடிக்கையாக எழுத எனக்குத் தெரியாது, தாண்டிப் போகிறேன்.

ஒரு மாலை தம்பி வந்து கொல்லைப்புறத்தில் குந்தினான்.

"அண்ணே, போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஆசை இருக்கு."

"சொல்லு."

"நம்ம ஆளுங்க எல்லாரும் உக்காந்து ஒரு வேள மீன் திங்கணும். கொழம்புக்குள்ள மீனைத் தேடக் கூடாது. மீனுக்குள்ள கொழம்பைத் தேடணும்."

இருபத்திரண்டு வருடத்தில் அவன் என்னிடம் கேட்ட முதல் பொருள். நான் உடனே ஆட்களை எண்ணினேன். நாற்பத்தாறு பேர். ஆளுக்கு ஆறு மீன். இருநூற்று எழுபத்தாறு.

"ஆச்சு," என்றேன்.

பெரகலச் சந்தியில் காசிம் நானா கடை வைத்திருந்தார். தோட்டங்களுக்குச் சாமான் ஏற்றும் லொறியில் கீழ்நாட்டுப் பக்கம் போய்வருவார். அங்கே குளங்களில் ஜப்பான் மீன், அதாவது திலாப்பியா, பெருகிக் கிடந்தது. நான் கேட்டதும் பிஸ்கட் டின்னில் அறுபது குஞ்சுகள் கொண்டுவந்து கொடுத்தார்.

"கணக்கப்புள்ள, இது நம்ம ஜனங்க மாதிரி. எந்தத் தண்ணியில விட்டாலும் பொழைச்சுக்கும். நீங்க எண்ணிக்கிட்டே இருங்க, அது பெத்துக்கிட்டே இருக்கும்."

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் ஒன்பது செத்தன. மீதி ஐம்பத்தொன்றைத் தொட்டியில் விட்டேன். தொட்டி பன்னிரண்டு அடி நீளம், எட்டு அடி அகலம், மூன்று அடி ஆழம். ஆயிரத்து எண்ணூறு கேலன் பிடிக்கும். காசிம் நானா சொன்னபடியே அவை பெற்றன, வளர்ந்தன, மறுபடி பெற்றன. ஜூலையில் உள்ளங்கை அகலத்துக்கு மேல் போனவை மட்டும் முந்நூற்றுப் பன்னிரண்டு. (குஞ்சுகளை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. குஞ்சுகளுக்கே அடுத்த நாள் நிச்சயம் இல்லை.) விருந்து போக முப்பத்தாறு மிச்சம். அதை அடுத்த வம்சத்துக்கு விட்டுவிடலாம் என்று புத்தகத்தில் எழுதியும் வைத்தேன்.

அப்போதுதான் ஓடைத் தண்ணீர் வற்றியது. அதுவரை குழாய்த் தண்ணீர் ஒரு பக்கம் விழுந்து மறுபக்கம் வழிந்தோடிக்கொண்டிருந்தது. ஜூலை நடுவில் குழாய் நூலாகி, பிறகு சொட்டாகி, பிறகு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்றாகியது. தொட்டித் தண்ணீர் பச்சையாகி, பழுப்பாகி, மூக்கைப் பிடிக்க வைத்தது. தண்ணீரை மாற்ற வழி இல்லை. இருக்கிற தண்ணீரையே சுத்தம் பண்ணித் திரும்ப விட வேண்டும். மின்சாரமோ ஃபெக்டரிக்கு மட்டும்தான். எங்கள் வீட்டில் மின்சாரம் என்பது மின்னல் அடிக்கும்போது மட்டும்.

இரண்டு இரவு யோசித்துப் படம் போட்டேன். மலைச்சரிவில் ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று பீப்பாய்கள். முதலாவதில் கூழாங்கல்லும் தேங்காய் நாரும், இரண்டாவதில் ஆற்று மணல், மூன்றாவதில் விறகுக் கரி. மேல் பீப்பாயில் ஊற்றினால் தண்ணீர் தானாக இறங்கி, சுத்தமாகித் தொட்டிக்குள் விழும். அழுக்குத் தண்ணீரைத் தொட்டியிலிருந்து மேல் பீப்பாய்க்கு ஏற்றுவதுதான் பிரச்சினை. காசிம் நானாவின் கடையில் பீப்பாயிலிருந்து மண்ணெண்ணெய் இறைக்கும் கைப்பம்பு ஒன்று கிடந்தது. வாங்கி வந்து பதினான்கு தடவை கழுவினேன். பம்பு கிடைத்துவிட்டது. அதை நாள் முழுவதும் அடிக்க யார் இருக்கிறார்கள்?

அந்த நேரத்தில் வீட்டுக்குள்ளே என் மூன்றாவது மகள் வசந்தா, எட்டு மாதக் குழந்தை, சேலைத் தொட்டிலில் கிடந்து வீறிட்டாள். சரஸ்வதி ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அன்று முழுவதும் எண்ணினேன். ஒரு நாளைக்கு ஆயிரத்து நூற்று நாற்பது ஆட்டு! அவ்வளவு சக்தியும் யாருக்கும் பயனில்லாமல் காற்றில் போய்க்கொண்டிருக்கிறது!

மறுநாள் தொட்டில் கயிற்றோடு இன்னொரு கயிற்றைக் கட்டி, சுவர் ஓட்டை வழியாக வெளியே விட்டு, ஒரு கப்பியில் சுற்றி, பம்பின் கைப்பிடியில் மாட்டினேன். தொட்டில் அந்தப் பக்கம் போனால் கைப்பிடி எழும். இந்தப் பக்கம் வந்தால் இறங்கும். ஒரு ஆட்டுக்கு முக்கால் போத்தல் தண்ணீர். சத்தியமாகச் சொல்கிறேன், அது வேலை செய்தது. எண்ணெய் இல்லை, மின்சாரம் இல்லை, கூலி இல்லை. தொட்டித் தண்ணீர் முழுவதும் ஒரு சுற்று வரப் பதின்மூன்று நாள் ஆகும். "இன்னும் ரெண்டு கைக்குழந்தை இருந்தா நாலு நாளும் கொஞ்சமும்தான் ஆகும்," என்று சரஸ்வதியிடம் சொன்னேன். அவள் விறகுக் கட்டையைத் தேடினாள்.

இயந்திரத்தில் ஒரே ஒரு குறை. குழந்தை தூங்கினால் பம்பு நின்றுவிடும்.

"தூங்கவைக்கத்தானேங்க தொட்டிலு?" என்றாள் சரஸ்வதி.

"தூங்கட்டும். தூங்கின பிறகும் கொஞ்சம் ஆட்டு."

"எதுக்கு?"

"மீனுக்கு."

"இங்க பாருங்க. புள்ள தூங்கினா மீனு சாகும், மீனு பொழைக்கணும்னா புள்ள முழிச்சிருக்கணும். நீங்க யாருக்கு அப்பன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க."

பத்தொன்பது நாள் அந்த இயந்திரம் ஓடியது. தண்ணீர் பழுப்பிலிருந்து பச்சைக்குத் திரும்பி, பச்சையிலிருந்து வெளிறி, அடிமட்டம் தெரிய ஆரம்பித்தது. லயத்திலிருந்து ஆட்கள் வந்து பார்த்துப் போனார்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விளக்கினேன். அந்தப் பத்தொன்பது நாள் என் வாழ்க்கையில் நான் அதிகமாகப் பேசிய காலம். அதற்காகவே தண்டனை கிடைத்தது என்று நினைக்கிறேன்.

விருந்து சனிக்கிழமை மத்தியானம். ஞாயிற்றுக்கிழமை காலை அப்புத்தளையில் கோச்சி ஏறித் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பல். வியாழக்கிழமை சரஸ்வதி ஒரு மீனைப் பிடித்து வறுத்துப் பார்த்தாள். வாயில் வைத்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"மீனைத் தின்ன மாதிரி இல்லைங்க. தொட்டியைத் தின்ன மாதிரி இருக்கு."

சேற்று வாடை. தண்ணீர் சுத்தமாகியும் மீனுக்குள்ளே பழைய வாடை மிச்சம் இருந்தது. (அந்த ஒரு மீனுக்குப் பதிலாகக் குஞ்சுகளில் உயரமான ஒன்றுக்குப் பதவி உயர்வு கொடுத்தேன். எண்ணிக்கை மாறவில்லை.) இருக்கிற ஒன்றரை நாளில் தண்ணீரை இன்னும் நன்றாகச் சுத்தம் பண்ணினால் வாடை போய்விடும் என்று நினைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை விடிந்ததும் கொல்லைப்புறம் போனேன். மூன்றாவது பீப்பாய் வெறுமையாக இருந்தது.

"சரஸ்வதி! என் கரி எங்கே?"

"இஸ்திரிப் பெட்டிக்குள்ள. ஊருக்குப் போற துணிமணிய மடிச்சுக் குடுக்க வேணாமா? காத்துல காயவச்சு எடுத்துட்டோம்."

லயத்துக் குழாயில் தண்ணீர் இல்லாததால் தம்பியின் மனைவி பாக்கியம் எங்கள் கொல்லைப்புறக் கல்லில்தான் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அக்கரையில் இறங்கும்போது பஞ்சத்தில் அடிபட்டவர்களாகத் தெரியக் கூடாது என்று இருக்கிற எல்லாச் சட்டைகளையும் வெளுத்துக்கொண்டிருந்தாள். சவுக்காரம்தான் ஊரிலேயே இல்லையே! எதைப் போடுகிறாள் என்று எட்டிப் பார்த்தேன். தேயிலைக் கொட்டை. நாற்றுமேடைக்குப் பின்னால் அது குவியலாகக் கிடந்தது. தோட்டத்தில் கொட்டை போட்டு நாற்று வளர்ப்பதை நிறுத்திவிட்டுக் கிளை வெட்டி நட ஆரம்பித்த பிறகு அதை யாரும் சீண்டுவதில்லை. சவுக்காரத் தட்டுப்பாட்டில் நாற்றுமேடைப் பெண்கள் அதை இடித்துத் துணிக்குப் போடப் பழகியிருந்தார்கள். கல்லின் மேல் நுரை பொங்கிக்கொண்டிருந்தது. தம்பியின் சட்டை பால் மாதிரி வெளுத்திருந்தது.

என் மூளையில் இரண்டு வரி பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. பீப்பாய் காலி. கொட்டை இலவசம்.

மண்ணெண்ணெய் டின்னில் ஆறு டின் இடித்த தேயிலைக் கொட்டையைக் கொண்டுவந்து மூன்றாவது பீப்பாயை விளிம்புவரை நிரப்பினேன். டின்னைத் தூக்கிக் கொடுத்தவன் தம்பி. ஐந்தாவது டின்னில் தயங்கி நின்றான்.

"அண்ணே, இது கண்ணுல பட்டாலே எரியும்."

"அழுக்கை எடுக்கிற எதுவும் எரியத்தான் செய்யும்."

"சட்டைக்குச் சரி. மீன் என்ன சட்டையா, அண்ணே?"

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. எட்டுப் பாடம் எழுதி ஆறில் பாஸ் பண்ணியவனைப் பார்த்து நாற்றுமேடையில் மண் நிரப்புகிறவன் கேட்கிற கேள்வியா இது?

"நீ எது வரைக்கும் படிச்சே?" என்று கேட்டேன்.

இந்த ஒரு வாக்கியத்தை, அவன் படிக்காமல் போனது யாரால் என்று தெரிந்துகொண்டே, நான் கேட்டேன். பெண்களின் சிரிப்பு நின்றுவிட்டது. தம்பி குனிந்தான். ஆறாவது டின்னைத் தூக்கிக் கொடுத்தான்.

அன்று முழுவதும் இயந்திரம் இரட்டை வேகத்தில் ஓடியது. சரஸ்வதி ஆட்டினாள், களைத்ததும் பாக்கியம் ஆட்டினாள், இரண்டு பேரும் களைத்ததும் நான் ஆட்டினேன். மத்தியானம் வரை ஆயிரத்து முந்நூறு. அதற்குள் வசந்தா இரண்டு தடவை பால் கக்கிவிட்டாள். சரஸ்வதி குழந்தையை வெடுக்கென்று தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வெறும் தொட்டிலுக்குக் கனம் போதவில்லை, கைப்பிடி எழும்பவில்லை. எனவே விருந்துக்கு வைத்திருந்த பூசணிக்காயைத் தொட்டிலில் கிடத்தி ஆட்டினேன். அந்த நேரம் பார்த்துக் காசிம் நானா விருந்துக்கு நான் கடனாகக் கேட்டிருந்த ஒரு மூட்டை மாவோடு வந்து வாசலில் நின்றார். தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் தொட்டிலைப் பார்த்தார்.

"அல்லாவே! தாயைப் போலவா, தகப்பனைப் போலவா?"

கொல்லைப்புறத்தில் தொட்டியின் மேல் நுரை ஒரு சாண் உயரத்துக்கு நின்றது. காற்று அதைக் கிள்ளிக் கிள்ளி முட்டைக்கோசுப் பாத்தியில் வீசியது. அழுக்கு வெளியேறுகிறது என்று எல்லோருக்கும் சொன்னேன். மாலையில் நுரையை விலக்கிப் பார்த்தபோது மீன்கள் எல்லாம் மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. இவ்வளவு சுறுசுறுப்பாக அவற்றை நான் பார்த்ததே இல்லை.

"நல்ல தண்ணியைக் குடிக்க மேலே வருதுங்க," என்றேன். வாய் அசைவதைப் பார்த்தால் நன்றி சொல்வதுபோல்கூட இருந்தது. (இதை எழுதும்போது என் கை கூசுகிறது. ஆனால் நினைத்தது நினைத்ததுதான்.)

இனிச் சனிக்கிழமை காலை ஆறு பத்துக்கு வரலாம்.

நான் எண்ணி முடித்து, "ஐயோ" என்று சொல்லி முடித்தபோது, தம்பி மீன் அறுக்கத் தீட்டிய கத்தியோடு வந்து சேர்ந்தான். தொட்டியைப் பார்த்தான். "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லியிருந்தால் எனக்குப் பெரிய உதவியாக இருந்திருக்கும். அவன் அதைச் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. கத்தியை வேலியில் செருகிவிட்டு, ஒரு மீனை எடுத்து மோந்து பார்த்தான். செவுளைத் திறந்து பார்த்தான்.

"சேத்து வாடை போயிருச்சு, அண்ணே," என்றான்.

அவன் கிண்டல் பண்ணுகிறானா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. ஆறுதல் சொல்கிறான்.

"இப்பத்தான் செத்திருக்கு. நல்லாக் கழுவிட்டு ஆக்கலாமே?"

"விஷம்டா!"

"குடலை எடுத்துட்டு..."

"நாப்பத்தாறு பேரு. பொம்பளைங்க, புள்ளைங்க. ஒருத்தருக்கு வாந்தி வந்தாலும் நாளைக்குக் கப்பல்ல ஏத்த மாட்டான். நான் பொறுப்பு எடுக்க மாட்டேன். குழி வெட்டு."

அதற்குள் செய்தி லயத்துக்குப் போய் ஆட்கள் வந்துவிட்டார்கள். சட்டிகளோடு வந்தார்கள். யாரும் கேட்கவில்லை. சட்டிகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள். பசித்தவர்கள் சும்மா நிற்பதைப் போல ஒரு தொந்தரவு உலகத்தில் இல்லை. நான் தொட்டிக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்று, செத்த மீனைத் தின்றால் வரக்கூடிய நோய்களை ஒன்று, இரண்டு என்று விரல் விட்டுச் சொன்னேன்.

தம்பி குழி வெட்டினான். நாளைக்கு ஊரைவிட்டுப் போகிறவன், தன் விருந்துக்குத் தானே குழி வெட்டினான். மீன்களை ஒவ்வொன்றாகக் குழியில் போட்டான். நான் பக்கத்தில் நின்று எண்ணினேன். பாக்கியம் கொடியில் காய்ந்த சட்டைகளை அவசரமாகச் சேர்த்துக் கட்டிக்கொண்டு, எங்களைப் பார்க்காமலே லயத்துக்குப் போனாள். கோபம் என்று நினைத்தேன்.

முந்நூற்றுப் பதினொன்று.

"நில்லு," என்றேன். "ஒண்ணு குறையுது."

"விடுங்க, அண்ணே."

"எப்படி விடுறது? முந்நூத்திப் பன்னண்டு இருந்துச்சு."

நுரையை விலக்கித் தேடினேன். மூன்று பீப்பாய்களையும் கவிழ்த்துத் தேடினேன். குழியிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து மறுபடியும் எண்ணச் சொன்னேன். அவன் எடுத்தான், போட்டான். முந்நூற்றுப் பதினொன்று. "இவருக்குப் பேய் புடிச்சிருக்கு," என்று யாரோ சொன்னார்கள். பிறகு சட்டிகளோடு ஒவ்வொருவராகப் போனார்கள்.

காசிம் நானா விஷயம் கேள்விப்பட்டு இரண்டு இறாத்தல் கருவாடு கொடுத்தனுப்பாமல் தானே கொண்டுவந்தார். காசு வாங்கவில்லை. "ரெண்டும் செத்த மீன்தான், கணக்கப்புள்ள. இதுக்கு உப்புப் போட்டிருக்கு, அவ்வளவுதான்." நாற்பத்தாறு பேர் உட்கார்ந்து ரொட்டியும் பூசணிக்காய்க் கறியும், ஆளுக்கு விரல் நுனி அளவு கருவாடும் தின்றோம். குழம்புக்குள் மீனைத் தேடினோம்.

ஞாயிற்றுக்கிழமை அப்புத்தளை ஸ்டேசனில் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் அழவில்லை. அவர்களுடைய மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று. கோச்சி நகரும்போது தம்பி ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்தான். என்ன சொல்லலாம் என்று தேடினேன். "மூட்டை பதினொண்ணு, மறந்துறாதே," என்றேன். வெளுத்த சட்டையில் அவன் மாப்பிள்ளை மாதிரி இருந்தான்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் மீனே வாங்க முடியாது. சந்தையில் நான் மீனைத் தொட்டால் போதும், "மீன் என்ன சட்டையா?" என்று ஒரு குரல் வரும். யார் அதிகப் படிப்புக் காட்டினாலும், யார் பிடிவாதம் பிடித்தாலும் அதே கேள்வி. என் பேரப்பிள்ளைகளுக்கு அர்த்தம் தெரியாமலே அது வாயில் வருகிறது. வசந்தாவின் பெயர் மோட்டார் என்று ஆகி, கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான் வசந்தா. அவள் புருசனை ஊரே "மோட்டார் வீட்டுக்காரரு" என்கிறது. தம்பி எழுத்துத் தெரிந்தவர்களிடம் சொல்லிக் கடிதம் போடுவான். ஒவ்வொன்றின் கடைசி வரியும் ஒன்றுதான்: "மோட்டார் நலமா?"

அவன் கடிதங்களில் வேறு செய்திகளும் இருந்தன. நிலம் கொடுக்கவில்லை. கடன் பாதிதான் வந்தது, அதில் பாதி யாரோ எடுத்துக்கொண்டார்கள். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை. மறுபடியும் நாற்றுமேடை. மறுபடியும் லயம் மாதிரி ஒரு வரிசை வீடு. கடலைத் தாண்டி அதே இடத்துக்கு அனுப்ப நான் போட்ட கணக்கு அது. "எங்க அண்ணன் கணக்குப் புலி" என்று அங்கேயும் சொல்லிக்கொண்டிருந்தானாம்.

போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் நினைத்தேன். ஒவ்வொரு வருடமும் செலவைக் கூட்டிப் பார்த்து அடுத்த வருடம் என்றேன். இருபத்தொரு வருடம் கூட்டினேன். அவன் செத்த செய்தி வந்த பிறகுதான் பாஸ்போர்ட் எடுத்தேன்.

பாக்கியத்துக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. தேத்தண்ணி கொடுத்தாள். அவனுடைய கடைசி நாட்களைப் பற்றிச் சொன்னாள். பேச்சு முடிந்ததும், எதைப் பேசுவது என்று தெரியாமல், நான் அதையே கேட்டேன்.

"பாக்கியம், அன்னைக்கு மீன் முந்நூத்திப் பன்னண்டு இருந்துச்சு. குழியில முந்நூத்திப் பதினொண்ணு."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் எடுத்தேன், மாமா. அவரு சட்டைக்குள்ள சுத்தி எடுத்துட்டுப் போனேன். அவருதான் கண்ணைக் காட்டினாரு. சாயந்தரம் அடுப்புல சுட்டு அஞ்சு பேரும் தின்னோம்."

"தின்னீங்களா? ஒண்ணும் ஆகலியா?"

"என்ன ஆகும்? நல்லாக் கழுவினா அது வெறும் மீனுதானே! நாத்துமேடைக் கெழவிங்க ஆத்துக் குட்டையில கொட்டையை இடிச்சுப் போட்டுத்தான் மீன் புடிப்பாங்க."

"அவனுக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"பிறகு ஏன் சொல்லலை?"

"நான் சொல்லச் சொன்னேன், மாமா. நாளைக்குப் போயிருவோம், அம்புட்டுப் பேரு முன்னால அண்ணனை மட்டம் தட்டக் கூடாதுன்னுட்டாரு."

முந்நூற்றுப் பதினொரு நல்ல மீன்கள். சட்டியோடு நின்றவர்கள் முகம் ஒவ்வொன்றும் இப்போதும் தெரியும். எண்ணினால் ஐம்பதுக்கு மேல் வரும். எண்ணுவதில்லை. தம்பி வாழ்நாளில் என் பேச்சைக் கேட்காமல் செய்த காரியம் அந்த ஒரு மீன்தான். அவனுக்கு வயிறு நிறைந்ததும் அந்த ஒன்றில்தான்.

ஆனால் என் எண்ணிக்கை சரி. முந்நூற்றுப் பன்னிரண்டுதான்.

குஞ்சு, பீப்பாய், பம்பு, கயிறு, கப்பி எல்லாம் சேர்த்து அறுபத்து மூன்று ரூபாய் நாற்பது சதம். பாஸ்போர்ட், விசா, திருச்சிக்குப் போய்வர விமானம், அங்கிருந்து பஸ், பாக்கியத்துக்கு ஒரு சேலை, எல்லாம் சேர்த்துப் பதினோராயிரத்து நானூற்று எழுபத்திரண்டு ரூபாய் அறுபது சதம். ஒரு மீன் எங்கே போனது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆன மொத்தச் செலவு, பதினோராயிரத்து ஐந்நூற்று முப்பத்தாறு ரூபாய்.